உடைக்காத பாட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மனைவி செல்வி. ஆறாவது படிக்கும் மகள் பிரியா. கீழ்வீட்டு மரிசா அம்மாள். ஆம்பூரிலிருந்து வந்த லோகநாதன் சார். சார் வரப்போவதாக யாரும் சொல்லவில்லை.

இத்தாலியில் சொல்லாமல் யாரும் வருவதில்லை. மரிசா அம்மாள் எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கிறார். அவர் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். அப்படியும் மேலே வருவதற்கு முன்னால் போன் செய்து, வரலாமா என்று கேட்பார். வாங்க என்று சொன்ன பிறகு வந்து, திறந்து கிடக்கும் கதவுக்கு வெளியே நின்று ‘பெர்மெஸ்ஸோ’ என்பார். உள்ளே வரலாமா என்று அர்த்தம். வந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை. ஆம்பூரில் செருப்பைக் கழற்றும்போதே “இன்னா கொழம்பு?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. அதனால் வீட்டில் எப்போதும் ஏதாவது இருக்க வேண்டும். இங்கே அதற்கு அவசியம் இல்லை. இருந்தும் எங்கள் பிரிட்ஜ் கதவில் உடைக்காத ஆரஞ்சு பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். நான்தான் வாங்கி வைப்பேன். தேதி முடியப்போனால் பிரியாவுக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவேன். செல்விக்கு அது பிடிக்காது.

“யாருக்கு இது?” என்பாள்.

“வர்றவங்களுக்கு.”

“வர்றவங்களுக்கு எனக்கு டீ போடத் தெரியாதா? பிரியா ஒருநாள் ஏன்னு கேப்பா. இன்னா சொல்லுவீங்க? அவளாவது இது தெரியாம வளரட்டும்.”

அப்படியும் நான் பாட்டிலை எடுப்பதில்லை.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஆம்பூரில் எங்கள் வீடு காலனியில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். எங்கள் டம்ளரில் வாய் வைக்க மாட்டார்கள். ஆனால் கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பாட்டில் என்றால் குடிப்பார்கள். பிரிட்ஜ் இல்லாத காலத்தில் அம்மா ஒரு மூலையில் மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, அதில் இரண்டு கலர் பாட்டிலைப் புதைத்து வைத்திருப்பார். வீட்டில் யாரும் தொடக்கூடாது. காய்ச்சலில் கிடந்து கேட்டாலும் கிடையாது. ஊர்க்காரர் யாராவது வந்தால் அம்மா பாட்டிலைத் துடைத்து, ஓப்பனரோடு எதிரில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். வந்தவர் தானே உடைத்து, அண்ணாந்து குடித்துவிட்டு, காலி பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுப் போவார். மூடி உடைகிற சத்தம் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு முகம் தெளியும். வந்தவருக்கும் சங்கடம் இல்லை, நமக்கும் அவமானம் இல்லை என்பது அம்மாவின் கணக்கு. வாணியம்பாடியிலிருந்து அப்பாவை வேலைக்குக் கூப்பிட வரும் பாய்க்கு மட்டும் இதெல்லாம் இல்லை. அவர் எங்கள் டம்ளரில் டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, “சக்கரை கம்மிம்மா” என்று திருப்பி நீட்டுவார்.

லோகநாதன் சார் நல்லவர். அதையும் எழுத வேண்டும். ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். ஒருமுறை என் கையில் ஆசிட் பட்டபோது அவருடைய பைக்கில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். “கெட்டியாப் புடிச்சிக்கோடா” என்று அதட்டினார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். இங்கே இத்தாலியில் தோல் கம்பெனியில் ஆள் கேட்டபோது, எட்டாவதோடு நின்ற என் பெயரைச் சொன்னவரும் அவர்தான். என் கல்யாணத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். பாட்டில் குடித்தார்.

அன்று மரிசா அம்மாள் போன் செய்துவிட்டு, ஒரு கேக்கோடு வந்திருந்தார். மறுபடியும் மணி அடித்தது. போன் செய்யாமல் எங்கள் வீட்டு மணி அடித்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிரியா போய்த் திறந்தாள்.

“இன்னாடா ரவி, இங்கயும் அதே தோல் நாத்தந்தானா?” என்றார் சார்.

கம்பெனிக்குச் சாயம் அடிக்கும் மிஷின் பார்க்க வந்தாராம். ஒரு வாரமாக ஓட்டலில் இருக்கிறாராம். விலாசத்தை என் தம்பியிடம் வாங்கினாராம். எனக்குச் சந்தோஷம்தான். உட்கார வைத்தேன். என் கால்கள் அவையாக பிரிட்ஜுக்குப் போயின. பாட்டிலை எடுத்துத் துடைத்து, அவர் எதிரில் வைத்து, இரண்டடி பின்னால் வந்து நின்றேன். டம்ளர் வைக்கவில்லை. செல்வி அடுப்பில் டீ தண்ணி வைக்கப் போனவள், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

மரிசா அம்மாள் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை ஆட்டி எதையோ கேட்டார். பிரியா சிரித்தாள்.

“கிளாஸ் இல்லாம பாட்டிலை வெச்சா, குடிச்சிட்டுச் சீக்கிரம் கெளம்புன்னு உங்க ஊர்ல அர்த்தமான்னு கேக்கறாங்கப்பா.”

“இல்லம்மா, பரவால்லன்னு சொல்லு. நான் அப்படியே குடிச்சிக்கறேன்” என்றார் சார்.

பிரியா சொன்னாள். மரிசா அம்மாள் கேட்கவில்லை. “பிக்கியேரி, பிக்கியேரி” என்று, கிளாஸ் வேண்டும் என்ற அர்த்தத்தில் சொல்லிக்கொண்டே எழுந்து, தட்டு வைக்கும் இடத்திலிருந்து எங்கள் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து வந்தார். ஆம்பூரிலிருந்து கொண்டுவந்தவை. அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். மூடியைத் திருகினார். சீல் உடைந்த சத்தம் கேட்டது. எல்லா டம்ளரிலும் ஒரே அளவாக ஊற்றினார். இந்த ஊரில் ஒரு பாட்டில் என்றால் அது மேசையில் இருக்கும் எல்லோருக்கும். தனக்கு மட்டும் யாரும் உடைத்துக்கொள்வதில்லை.

“சலூத்தே” என்று டம்ளரைத் தூக்கினார். நாங்களும் தூக்கினோம். சாரும் தூக்கினார். டம்ளர்கள் இடித்துக்கொண்டன. மரிசா அம்மாள் சாரைப் பார்த்து விரலை நீட்டி ஏதோ சொன்னார்.

“இடிச்சிட்டு, குடிக்காம கீழ வெச்சா ஆகாதாம் அங்கிள். இந்த வீட்டுக்கே கெட்டதாம்” என்றாள் பிரியா.

சார் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் வெட்டிய பக்கம் அவருக்கு நேராக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கம்பெனியில் ஏதாவது வேண்டுமென்றால் அப்படித்தான் பார்ப்பார். வாய் திறந்து கேட்பதற்கு முன்னால் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். கதவுக்குப் பின்னால் என் வேலைப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. எடுத்து வைத்திருந்தால் அவருக்கு வேலை சுலபம். வயிறு சரியில்லை, தண்ணீரே போதும் என்று சொல்லியிருப்பார். அப்புறம் பிரியா ஏன் என்று கேட்டிருப்பாள்.

செல்வி பையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் அசையவில்லை. என் டம்ளரைக் குடித்து முடித்தேன்.

“ஓட்டல்ல ஜூஸெல்லாம் குடுக்கறாங்களா சார்?” என்று செல்வி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“குடுக்கறாங்கம்மா. காலைல.”

“கிளாஸ்லயா?”

“ஆமா. கிளாஸ்லதான்.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பிரியா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். சார் டம்ளரை வாயில் வைத்தார். அண்ணாந்து அல்ல. வாயில் வைத்துத்தான். இரண்டு மூன்று மிடறு இறங்கியது தொண்டையில் தெரிந்தது. டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார். மரிசா அம்மாள் ‘பிராவோ’ என்றார். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு மிஷின் விலை பேசினோம். ஆம்பூரில் ஆர்டர் கம்மி என்றார். பாலாற்றில் இந்த வருஷம் தண்ணீர் வந்தது என்றார். என் தம்பி எங்களை விசாரித்ததாகச் சொன்னார். கேக் ஒரு துண்டு சாப்பிட்டார். அது மரிசா அம்மாள் செய்தது. டம்ளரை மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுங்கள் என்று சொல்லவில்லை.

கீழே பஸ் வரைக்கும் கூடப் போனேன். ஏறும்போது என் தோளில் கை வைத்தார்.

“நல்லா இருக்கடா. ஊருக்கு வந்தா ஃபேக்டரிக்கு வந்து பாரு.”

“சரி சார்.”

வீட்டுக்கு வா என்று அவர் சொல்லவில்லை. ஃபேக்டரி என்றுதான் சொன்னார். பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு வந்தேன். படியேறும்போது மரிசா அம்மாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். உன் விருந்தாளி கூச்ச சுபாவம் என்றார். ஆமாம் என்றேன். வேறு சொல்ல எனக்கு இத்தாலியன் போதாது. போதுமானாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

மேலே பிரிட்ஜ் கதவில் பாட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. செல்வி அங்கே தயிர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த அங்கிளுக்கு ஆரஞ்சு புடிக்காதாப்பா?” என்றாள் பிரியா.

“இனிப்பு ஜாஸ்தி போல.”

அவள் அதை நம்பி உள்ளே போனாள். நான் டம்ளர்களைக் கழுவப் போனேன். மேசையில் ஐந்து இருந்தன. குடித்தது நாலரை.