ஸ்லோ, குயிக், குயிக்

மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் எல்லோரும் மேடையில் ஆட வேண்டுமாம். பிள்ளையார்பாளையத்து வீட்டுக் கூடத்தில் செல்போனைப் பார்த்து ரும்பா நடனம் பழகிக்கொண்டிருந்தேன். அதில் ஒருத்தன் பெரிய ரகசியம் போல எண்ணினான்: "ஸ்லோ, குயிக், குயிக்."

இதற்கு ஒரு வாத்தியார்! எட்டு வயதில் அப்பாவின் தறிச் சத்தத்துக்கு நான் ஆடியதும் இதேதான். நிதானமாக ஒரு மிதி, சட்சட்டென்று இரண்டு அடி. பார்த்துவிட்ட அப்பா, தறிக்குழியில் உட்கார்ந்தபடியே காறித் துப்பாத குறையாகச் சொன்னார்: "இன்னாமா இது, இடுப்ப ஆட்டிக்கினு? கால அடக்கு!" அதன்பிறகு நான் அந்தப் பக்கம் போனாலே தறியை நிறுத்திவிடுவார். நான் தாண்டிப் போனதும்தான் மிதிப்பார்.

இன்றும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "ரும்பாவாம்!" என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனால் அவர் பாதம் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. நிதானமாக ஒன்று, சட்சட்டென்று இரண்டு.

செல்போனில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"கால அடக்குப்பா" என்றேன்.