சும்மா இருந்த நேரத்தின் பொறுப்பாளர்

முதலாளியின் மச்சினனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் நடுநிலையோடு எழுதுகிறேன் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

கோழிப்பண்ணைகளுக்குத் தீனித் தட்டு, தண்ணீர்க் குழாய், வலை எல்லாம் விற்கும் கடை அது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. பில் போடுவதற்குத்தான் என்னை எடுத்தார்கள். ஆனால் பண்ணைக்காரர்கள் கூட்டம், புதுச் சரக்கு அறிமுகம், ஆயுத பூஜை என்று எது நடந்தாலும் என் தலையில்தான் வந்து விழும். அதற்காக எக்செல்லில் ஒரு சார்ட் போடக் கற்றுக்கொண்டேன். இடது பக்கம் மேலிருந்து கீழாக வேலைகள், அதை அடுத்து 'பொறுப்பு' என்று ஆளின் பெயர், அப்புறம் வலப்பக்கமாக ஐந்து ஐந்து நிமிடமாக நேரம். எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறதோ, அந்தக் கட்டங்களுக்கு வண்ணம் அடித்துவிடுவேன். பந்தல்காரர் முதல் மைக் செட்காரர் வரை எல்லோருடைய வேலையும் ஒரே தாளில் தெரியும்.

ஒன்பது வருடம் அந்தக் கடையில் இருந்தேன். நாமக்கல்லில் கிளை திறக்கப் போகிறோம் என்று பேச்சு வந்தபோது, பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் முதலாளி சொன்னார்: "நாமக்கல் கடைய அம்மிணிதான் பாத்துக்கும். சாவி அதுகிட்டதானுங்க." கைதட்டினார்கள். நான் கல்யாணம் ஆகி வந்த ஊர் ராசிபுரம். சேலம் போனாலும் நாமக்கல் போனாலும் பஸ்ஸில் நிற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வசதிக்காக ஆசைப்பட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த நாற்காலிக்குத்தான் ஆசைப்பட்டேன். கிளைக்கு இடம் பார்க்கப் போன அன்றே, மேசையை வாசலைப் பார்த்துப் போடுவதா சுவரோரம் போடுவதா என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

என் சார்ட்டில் ஒரு விசித்திரம் உண்டு. மூன்று நான்கு வேலைக்கு ஒரு முறை, வேலை எதுவும் எழுதாத பத்து நிமிட வெள்ளை வரி ஒன்று வரும். அதற்குக் காரணம் இந்தப் பக்கத்து மனிதர்களின் மரியாதை. நான் பிறந்தது வாழப்பாடி. அங்கே வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல்லிவிடுவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் அந்த வார்த்தையை யார் வாயிலிருந்தும் வாங்க முடியாது. 'ஆகட்டுங்க' என்பார்கள், 'பாக்கலாமுங்க' என்பார்கள், கடைசியில் 'வாரேனுங்க' என்று போனை வைப்பார்கள். அந்த வாரேன், விழாவுக்கு வருகிறேன் என்பதா, போனை வைக்கிறேன் என்பதா? முதல் கூட்டத்துக்கு அழைத்தபோது வாரேனுங்க என்று சொன்னவர்கள் எல்லோருடைய கட்டத்துக்கும், வருவது உறுதி என்று பச்சை அடித்து வைத்தேன். அன்றைக்குப் பாதி நாற்காலி காலி.

அதற்குப் பிறகுதான் வெள்ளை வரிகள் வந்தன. அந்த நேரத்தில்தான் நான் விருந்தாளிக்குப் போடாமல் அவருடைய டிரைவருக்குப் போன் போடுவேன். டிரைவர்கள் பொய் சொல்வதில்லை. "இன்னும் குளிக்கப் போவல்லீங்க" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். அதை வைத்து எதை முன்னால் தள்ளுவது, எதைப் பின்னால் இழுப்பது என்று பார்ப்பேன். பொறுப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் முதலாளி கேள்வி கேட்பார் என்று அங்கே என் பெயரைப் போட்டேன். பந்தல், பூ, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. சார்ட்டில் என் பெயர் இருந்த வரிகள் இவை மட்டும்தான்.

கிளைத் திறப்புக்கு ஒரு வாரம் முன்பு, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் போனில் திறக்கும்படி அதைப் பகிர்ந்திருந்தேன். கடைசி வரி: 'கிளைப் பொறுப்பாளர் அறிமுகம், 10.15 முதல் 10.20'. அதில் பொறுப்பாளரின் பெயரை நான் எழுதவில்லை. நம் பெயரை நாமே எழுதிக்கொள்வதா என்ற கூச்சம். ஊதா நிறத்தில் ஒரு சிறு கட்டம் வந்து அங்கே நின்றது. யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக ஒரு பெயர் விழுந்தது. முதலாளியின் மச்சினன் பெயர்.

அவன் கடைக்கு வந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் இரண்டு தொழில் தொடங்கி இரண்டையும் மூடியவன். தீனித் தட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாது. சோறு அப்படியே இருக்க, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊதாக் கட்டம் மேலே ஏறியது. என் வெள்ளை வரிகளை ஒன்றொன்றாக அழித்தது. அந்த இடங்களில் 'வீடியோ', 'நண்பர்கள் வாழ்த்துரை', 'மறுபடி வீடியோ' என்று நிரப்பியது. கொஞ்ச நேரத்தில் அவனே என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, ஒண்ணும் பண்ணாத நேரத்துக்கு எதுக்குங்க்கா ஒரு ஆளு? பாக்கறவங்க சிரிப்பாங்க."

முதலாளியிடம் போனேன். "எல்லாரு முன்னாடியும் எம்பேரச் சொன்னீங்களேண்ணா" என்றேன். அவர் பேப்பரை மடித்தபடி, "சொன்னேன் சாமி, இல்லேங்கல. அவனும் ரொம்ப நாளா ஊட்ல சும்மா இருந்துட்டான். ஊட்டுக்காரி ஒரே பேச்சாப் பேசறா. நீ கூட இருந்து அவனுக்குச் சொல்லிக் குடு. உனக்கு மேக்கொண்டு பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் என்னவென்று எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். வேலை ஆக வேண்டும் என்றால் நான் சாமி. நாற்காலி என்று வந்தால் மச்சினன்.

வெள்ளை வரிகள் போனதால் என்ன ஆகும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டேன்.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். முதலாளி ராகு காலத்தில் புது பேனாவின் மூடியைக்கூடத் திறக்க மாட்டார். ரிப்பன் வெட்ட வேண்டிய பெரிய பண்ணைக்காரர் ஒன்பது மணிக்கு "கெளம்பீட்டேனுங்க" என்றாராம். மச்சினன் அதை நம்பி அவருடைய கட்டத்துக்குப் பச்சை அடித்தான். நான் டிரைவருக்குப் போன் போடவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். பண்ணைக்காரர் வந்து சேர்ந்தபோது அரை மணி நேரம் தாமதமாகியிருந்தது. வீடியோவில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. நண்பர்களில் ஒருவர் மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லை.

பத்து இருபத்தெட்டுக்கு மச்சினன் என் பக்கத்தில் வந்து குனிந்தான். கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்த வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "அக்கா, ஏதாச்சும் பண்ணுங்க்கா."

"எம்பேரு அதுல எங்கயும் இல்லீங்களே தம்பி" என்றேன்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்த்துரை சொன்னவரிடமிருந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "எல்லாரும் இருந்து சாப்புட்டுப் போங்க" என்று சொல்லி முடித்துவிட்டார். அறிமுகம் நடக்கவில்லை. அதற்கென்று வாங்கிய மாலை மேசை மேல் அப்படியே கிடந்தது. எனக்கு அத்தனை சந்தோஷம். பந்தியில் கேசரி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் திங்கள்கிழமை வரைக்கும்தான். ஒன்பது மணி தாண்டியதும் அவன் நாமக்கல் கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். அறிமுகம், மாலை, மைக் எதுவும் தேவைப்படவில்லை. மேசையை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். சாவி வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான் என்று சரக்கு ஏற்றிப் போன டிரைவர் வந்து சொன்னார். நான் கெடுத்தது ஒரு ஐந்து நிமிடத்தை மட்டும்தான்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. அடுத்த மாதம் நாமக்கல்லில் பண்ணைக்காரர்கள் கூட்டம் வைக்க வேண்டுமாம்.

"அந்த வெள்ள வரியெல்லாம் மறுபடி போட்டுரு சாமி. அது இல்லாமத்தான் அன்னைக்கு எல்லாம் கொழம்பிப் போச்சு."

கடைசியில் ஒருவருக்காவது விளங்கியதே என்று ஒரு நொடி மனம் குளிர்ந்தது.

"அதுல உம்பேரு வேண்டாம். அவம்பேரப் போட்டுரு. போன் பண்றது நீயே பண்ணிக்கோ, பேரு அவனுதா இருக்கட்டும். அப்பத்தான் நாலு பேரு அவன மதிப்பாங்க."

மேசைக்குத் திரும்பி வந்து அப்படியே செய்தேன். எட்டு வெள்ளை வரிகள், எட்டிலும் அவன் பெயர். எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். அப்புறம் டிபன் பாக்ஸ், என் டம்ளர், காலுக்கடியில் போட்டிருந்த மிதியடி, முருகன் படம் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தேன். பை பெரிதாகத்தான் இருந்தது. முதலாளி பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

வாசலில் நின்று, ஒன்பது வருடத்தில் அந்தக் கடையில் கற்றுக்கொண்ட மரியாதையோடு சொன்னேன்.

"வாரேனுங்கண்ணா."

அவர் போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். "செரி சாமி. காலைல நேரத்துலயே வந்துரு, கூப்புடறதுக்கு நெறையப் பேரு இருக்குது."

மறுநாள் நான் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு என் பெயருக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால், அவர் அதற்குப் பச்சைதான் அடித்திருப்பார்.