குளவிச் சீட்டில் யார் பெயர்?

என் கணவர் விவசாயப் போதனாசிரியர். எழுபதுகளின் தொடக்கத்தில் புத்தூருக்கு மாற்றலாகி வந்தவர், புகையிலைத் தோட்டத்துப் புழுக்களின் முதுகில் வெள்ளை அரிசிமணி போல ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டார். "உதுகள் புழுவின்ரை முட்டை. பொறுக்கி எரியுங்கோ" என்று தோட்டக்காரருக்கு உத்தரவு போட்டார். அவர்களும் பக்தியோடு எரித்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படித்தவள். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும், "பொம்பிளைப் பிள்ளை தனியக் கொழும்பிலையோ?" என்று வீட்டில் மறித்து, கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. அன்று சோறு போடும்போது கேட்டேன்: "புழு எண்டால் பிள்ளைப் பருவமெல்லோ? தொட்டில் பிள்ளை முட்டை இடுமோ?"

"நீர் சோத்தைப் போடும்" என்றார்.

சோற்றைப் போட்டேன். அடுத்த நாள் அப்படியொரு புழுவை ஜாம் போத்தலில் இட்டு, வாயைச் சீலைத்துண்டால் கட்டி, குசினியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு கிழமைக்குள் போத்தலில் கறுப்புக் குளவிகள். எறும்பளவுகூட இல்லை. தாய்க்குளவி உயிருள்ள புழுவுக்குள் முட்டைகளைக் குத்தி வைத்துவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். குஞ்சுகள் உள்ளே தின்று கொழுத்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டும்; புழு செத்துப்போகும். அந்தக் கூடுகளைத்தான் எங்கள் போதனாசிரியர் முட்டை என்று எரிக்க வைத்தார். காவலுக்கு வந்தவனையே கட்டி வைத்து அடித்த மாதிரி.

ஆணோடு சேராத தாய்க்குளவியும் முட்டையிடும், ஆனால் அதில் பிறப்பதெல்லாம் ஆண்தான் என்பதையும் சோற்றோடு பரிமாறினேன். மனுசனுக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த தோட்டக்காரர் கூட்டத்தில், "நான் ஆராய்ஞ்சு பாத்ததிலை, உது முட்டை இல்லை" என்று தொடங்கினார். பின்வரிசையில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிப்பது நின்றது நல்லதுதான். ஆனால் அது என் குளவி.

குளவியின் பெயரை அறிய, பூச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கும் வெளிநாட்டு நூதனசாலை ஒன்றுக்கு மாதிரிகள் அனுப்பத் தீர்மானித்தார். அவருடைய எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆகவே மாதிரிக் குளவி குத்தும் ஒவ்வொரு ஊசிக்கும், எங்கே யார் பிடித்தது என்று சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது.

"சேகரித்தவர் எண்ட இடத்திலை என்ரை பேரைப் போடும்."

"கண்டுபிடிச்சது நானெல்லோ?"

"உது உத்தியோக விசயமப்பா. ஆரின்ரை பேர் இருந்தால் என்ன?"

"அப்ப என்ரை பேர் இருக்கட்டுமன்."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை, அந்த நகமளவுச் சீட்டில் என் பெயர் மட்டும்.

குளவிகளைக் காகித முக்கோணங்களில் ஒட்டி ஊசியில் குத்தினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெண்ணுக்கு வயிற்று நுனியில் முட்டையிடும் குழல் தெரியும். ஆணுக்கு நீண்ட மீசை, அவ்வளவுதான். ஆண்களுக்கெல்லாம் அவர் பெயரை எழுதினேன். பெண்களுக்கெல்லாம் என் பெயர். யாரும் குறை சொல்ல முடியாத பங்கீடு. பெட்டியை மூடி நானே தபாற்கந்தோரில் கொடுத்தேன்.

பல மாதம் கழித்து ஒரு கடிதமும் சின்னப் பெட்டியும் வந்தன. விறாந்தையில் நின்று, தபாற்காரருக்கும் கேட்கும்படி, அவர் கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார். குளவி அப்பான்டெலிஸ் என்ற பேரினமாம். (பிற்காலத்தில் அறிஞர்கள் அந்தப் பேரினத்தைச் சகோதரர்கள் காணி பிரிப்பது போலத் துண்டு துண்டாக்கினார்கள். அது அவர்களுடைய சண்டை.) இதில் இனம் பிரித்தறியப் பெண் குளவிதான் வேண்டுமாம். ஆகவே பெண்களைச் சீட்டுகளோடு நூதனசாலையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்களாம். ஆண்களால் பயனில்லையாம், திருப்பி அனுப்பியிருக்கிறார்களாம்.

அவர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு ஊசியாகச் சீட்டைப் படித்தார். எல்லாவற்றிலும் அவர் பெயர். தபாற்காரர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அங்கை இருக்கிறதெல்லாம் உம்மடை பேரோ?"

"ஓம்" என்றேன்.

அவர் வாயாலேயே அதைக் கேட்டதும், சண்டைக்கு ஆயத்தமாக நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.