காகிதப்பூவுக்கு வேலி

தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை அறையை விட்டு எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. இரண்டு அறை, சுற்றிலும் ஏழு பேர்ச் நிலம். என் வீட்டுக்காரர் சாமான்களைப் பிரிப்பதற்கு முன்னாலேயே மண்ணைக் கொத்திப் பாத்தி பிடித்துவிட்டார். இந்தப் பக்கம் போஞ்சி, அந்தப் பக்கம் லீக்ஸ், வாசலில் பந்தல் போட்டுச் சௌசௌ என்று திட்டம். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், வாசல் மட்டும் எனக்கு வேண்டும் என்றேன்.

பண்டாரவளையில் நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு வீட்டு மதில் முழுக்கக் காகிதப்பூ படர்ந்திருக்கும். போகன்விலா என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது நுழையாது. அந்த வீட்டுச் சிங்கள அம்மாவிடம் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டு ஒரு கிளை வாங்கிவந்து நட்டேன். வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதத் திங்க முடியுமா? சாமிக்குப் போட முடியுமா? தலையில வைக்க முடியுமா? வாசம்கூடக் கெடையாது, முள்ளு வேற."

"பாக்கலாம்ல."

"பாத்தா வயிறு நெறையுமா?"

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டுத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்த நாளிலிருந்து என் கைபட்டதையெல்லாம் யாராவது தராசில் போட்டார்கள், இல்லையென்றால் யாராவது தின்றார்கள். நிறுக்காத, சமைக்காத ஒன்று எனக்கென்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை அவரிடம் அப்படிச் சொல்லத் தெரியாமல், பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனிதர் தலையிலடித்துக்கொண்டு போய்விட்டார்.

கிளை வேர் பிடித்தது. பிறகு நான் அதை வளர்த்த வளர்ப்பைப் பார்க்க வேண்டும். அப்புத்தளைக் கடையில் தேயிலைக்குப் போடும் உரமே வாங்கிவந்து மாதம் தவறாமல் போட்டேன். அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். அவரும் சும்மா இருக்கவில்லை. கவ்வாத்து வெட்டுகிற ஆள் அவர். ஒரு செடி கண்டபடி கிளை நீட்டினால் தேயிலையானாலும் காகிதப்பூவானாலும் அவருக்குப் பொறுக்காது. கத்தியை எடுத்துத் தலையை மட்டமாக வெட்டிவிடுவார். கொடியாகப் பந்தலேற வேண்டியது மேசைபோல நின்றது. சண்டை போட்டபின் கொஞ்சம் ஏறவிட்டார்.

செடி பச்சைப்பசேல் என்று தளதளத்தது. பூ மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா போகிற வருகிறபோதெல்லாம், "என்னடி, கொழுந்து எத்தன கிலோ?" என்று கேட்பாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "நீ வாசலத் தாண்டுறப்பல்லாம் நுனியக் கிள்ளிக்கிட்டே போற. கிள்ளிட்டுத் தோளுக்குப் பின்னால வேற போடுற. முதுகுல கூடையா இருக்கு?" நான் நம்பவில்லை. திரும்பிப் பார்த்தால் பாதையில் பச்சை நுனிகள் கிடந்தன. வெட்கமாகிவிட்டது, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகும் கிள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். கை செய்கிற வேலை எனக்கே தெரிவதில்லை.

வீட்டுக்காரர் கடைசியாகக் கெடு வைத்தார். "ஆடி பொறக்கட்டும். பூக்கலேன்னா அடியோட வெட்டிட்டுச் சௌசௌ போடுவேன். அப்பறம் அழக்கூடாது." நான் சரி என்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பது?

ஆனி மாதத்தில் அம்மா இருக்கும் பூனாகலையிலிருந்து ஆள் வந்தது. அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். போட்டது போட்டபடி கிளம்பினேன். அம்மா ஊன்றி நடக்கும்வரை அங்கேதான் இருந்தேன். அங்கே ஆடி பிறந்த அன்று, அடுப்படியில் வேலையாக இருக்கும்போது, இந்நேரம் வெட்டியிருப்பார் என்று நினைத்தேன். அழுகை வந்தது. தன் கால் வலியை நினைத்து அழுகிறேன் என்று அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஊர் திரும்பியபோது வறண்ட கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே பார்த்தால் எங்கள் வாசலில் ஒரே சிவப்பு. யாரோ சேலை காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். கிட்டே போனபிறகுதான் பூ என்று தெரிந்தது. பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

"வெட்டலியா?"

"வெட்டத்தான் இருந்தேன்." அவருக்குக் கொஞ்சம் கூச்சம். "வெட்டப்போற செடிக்கு எதுக்குத் தண்ணி, எதுக்கு ஒரம்னு நீ போன அன்னைக்கே விட்டுட்டேன். காஞ்சு எலையெல்லாம் கொட்டிப்போச்சு. ஆடி ஒண்ணாந்தேதி கத்திய எடுத்துக்கிட்டு வந்து பாக்கிறேன், இப்பிடி நிக்கிது. எப்பிடி வெட்டுறது?"

அடுத்த நிமிஷமே, "பாத்தியா, நான் வளத்தாப் பூக்குது" என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். நான் கிள்ளுகிற நுனி ஒவ்வொன்றிலும் பூ இருந்தது. தேயிலை மலையில் ஒரு செடி பூத்துவிட்டால் கங்காணி, "பூ வச்சுக் கும்பிடவா மலையக் குடுத்திருக்கு?" என்று கத்துவார். அங்கே பூ என்றால் கவனிப்பில்லாத செடி. உரம், கவ்வாத்து, கிள்ளு எல்லாம் இலைக்காக. எனக்கும் அவருக்கும் தெரிந்த விவசாயம் முழுக்க, ஒரு செடியைப் பூக்கவிடாமல் வைத்திருக்கிற விவசாயம். அதை என் ஆசைச் செடிக்கும் செய்திருக்கிறேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அவரைத்தான் திட்டினேன், போஞ்சியை வாடவிட்டதற்கு.

மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, வேலை முடித்துவந்ததும், பழைய கம்பிவலையைத் தேடியெடுத்துச் செடியைச் சுற்றிக் கைக்கெட்டாத உயரத்துக்குக் கட்டினேன். வீட்டுக்காரர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"எதுக்கு வேலி? ஆடு வருதா?"

"ஆடு இல்லீங்க," என்றேன். "நான் வர்றேன்."