அட்டை கடிச்ச காலும் வெள்ளை ஆர்டரும்

அயர்ன் டேபிள்ல உக்காந்து வேலை செய்யற ஆளை இத்தனை வருசத்துல நான் பாத்ததே இல்லீங்க. நீங்களும் நின்னே பொழைக்கறவரா இருந்தா, பேண்டைக் கொஞ்சம் தூக்கி உங்க கெண்டைக்காலை ஒருக்கா பாத்துட்டு மேல படிங்க.

முதல் கேள்வி

அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனில ஸ்டீம் அயர்ன் போடறேன். பத்தாவது படிச்சது ராத்திரிப் பள்ளிக்கூடத்துல. பகலெல்லாம் நின்னவனுக்கு அங்க பெஞ்சு இருந்துச்சு, அதனாலதான் படிப்பு மேல ஆசையே வந்துச்சு. இப்ப முழங்காலுக்குக் கீழ நீல நரம்பு கயிறு மாதிரி சுருண்டு கெடக்குது. கணுக்கால்ல கறுத்து, அரிச்சு, புண்ணு வேற வந்துருச்சு.

பல்லடம் ரோட்டுல ஒரு சித்த வைத்தியசாலையில கெட்ட ரத்தத்தை உறிஞ்சறதுக்குக் கால்ல அட்டை விடறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். டாக்டரம்மா காலை அமுக்கிப் பாத்தாங்க. இந்தப் புண்ணு ஆறலைன்னா இனி நிக்கற வேலையவே மறந்துர வேண்டியதுதான்னாங்க. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலைதான். அப்புறம் கேட்டாங்க: "அட்டை அது வேலையைச் செஞ்சுரும். நீங்க உக்காருவீங்களா?"

கடிக்காத அட்டை

அட்டைன்னதும் முதலாளியைச் சேத்து ஒரு ஜோக்கு உங்களுக்குத் தோணியிருக்கும். எங்க செக்சன்ல எல்லாரும் அதைச் சொல்லி முடிச்சாச்சு, விட்டுருங்க. என் கால்ல விட்ட அட்டை முகத்தைத் திருப்பிட்டுப் போயிருச்சு. அடுத்ததும் அப்படியே. தினமும் தைலம் தேய்க்கற காலு. அன்னைக்கு டாக்டர்கிட்டப் போறமேன்னு இன்னும் கொஞ்சம் தேய்ச்சுட்டுப் போயிருந்தேன்.

தைல வாசம் அடிச்சா அட்டை கடிக்காதுன்னு டாக்டரம்மா வெந்நீர் ஊத்திக் கழுவுனாங்க. பக்கத்துக் கட்டில்ல காதர்பேட்டை பாய் ஒருத்தர் காலை நீட்டிப் படுத்திருந்தாரு. பனியன் கடை வெச்சிருக்கறவரு. அவரு சொன்னாரு: "எங்க கடைக்கு வர்ற பார்ட்டியும் இப்படித்தானுங்க. எல்லாத்தையும் மோந்து பாத்துட்டு ஒண்ணும் எடுக்காமப் போயிருவாங்க."

வெள்ளையில ஒரு பொட்டு

கழுவுன பின்னாடி அட்டை கடிச்சுருச்சு. கடிச்ச எடத்துல ரத்தம் சீக்கிரம் நிக்காது, காலைத் தூக்கி வெச்சுப் படுங்கன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. மறுநாள் சிப்மெண்ட். போட்ட பீஸுக்கு மட்டும் கூலி வாங்கற பீஸ் ரேட்டுக்காரன் எங்கீங்க படுக்கறது? கட்டு மேல வேஸ்ட் துணியைச் சுத்திட்டு வேலைக்குப் போயிட்டேன். கொழந்தைங்க போடற வெள்ளை பனியன். நடுவுல குனிஞ்சு கட்டை இறுக்குனேன், அதே கையில பீஸை எடுத்தேன்.

எண்ணெய்க் கறைன்னா எடுத்துரலாம். ரத்தம்னா, எங்கியோ ஊசி ஒடஞ்சு உள்ள கெடக்குதோன்னு மொத்த லாட்டையும் பிரிச்சுப் பாக்கோணும். செக்கிங் மும்தாஜ் அக்கா பனியனோட என் டேபிளுக்கு வந்தாங்க. சத்தமே போடல. "டைலருங்க கையை எல்லாம் பாத்துட்டு வர்றேனுங்ண்ணா. நீங்க நிக்கற எடத்தைக் குனிஞ்சு பாருங்க."

கருப்பு லாட்

வேலை போச்சுன்னு நானே டிபன் பாக்ஸைக் கையில எடுத்துட்டேன். சூப்பர்வைசர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரரு. காலைப் பாத்தாரு, தரையைப் பாத்தாரு, ரேக்குல அடுக்கியிருந்த பண்டலைப் பாத்தாரு. வீட்டுக்குப் போன்னு சொல்வாருன்னு பயந்தேன். அப்படிச் சொன்னா நல்லாருக்குமேன்னு காலு நெனச்சுது. "டிபனைக் கீழ வையும்வே. லீவு குடுக்க எங்கிட்ட ஆளு இல்ல. இனிமே நீரு கருப்பு லாட் மட்டும் போடும்."

அடுத்த தடவை

கருப்பு டீசர்ட் ஓடுன வரைக்கும் வாராவாரம் அட்டை விட்டுட்டு, மறுநாளே டேபிள்ல நின்னேன். அரிப்பு கொறஞ்சுருச்சு. புண்ணு ஓரத்துல சுருங்கிட்டு வருது, இன்னும் மூடல. இப்ப நிறுத்துனா மறுபடியும் மொதல்ல இருந்துதான், அடுத்த வாரம் கட்டாயம் வாங்கன்னாங்க டாக்டரம்மா. அடுத்த வாரத்துல இருந்து வெள்ளை ஆர்டருங்கன்னேன்.

அவங்க என் மூஞ்சியையும் காலையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். கையைத் தொடச்சுட்டு, அட்டை இருந்த பாட்டிலை எடுத்து மேல வெச்சாங்க. "சரிங்க, கலரு ஆர்டர் வந்ததும் போன் பண்ணுங்க. அது வரைக்கும் அட்டை பட்டினி கெடக்கட்டும்."

காலு எப்ப ஆறும்னு யாராச்சும் கேட்டா, ஆர்டர் குடுக்கற பையர் எந்தக் கலரு கேக்கறான்னு தெரிஞ்சுட்டுச் சொல்றேனுங்கறேன்.