முடிதிருத்துபவருக்கு முளைத்த தாடி

இரண்டு நாற்காலி போட்ட அந்த முடிதிருத்தும் கடையில், கடைக்காரருக்கே தாடி முளைத்ததுதான் தெருவில் பெரிய வேடிக்கை. இருபத்தாறு வருடமாக ஒருநாள் தவறாமல் வழித்து, கன்னம் பளபளக்க நின்ற மனிதர் அவர்.

"புது ஸ்டைலுப்பா" என்று சமாளித்தார். விஷயம் வேறு. கழுத்தில் கத்தி பட்டாலே வலி காதுவரை ஓடியது. அது போதாதென்று கையும் நடுங்கியது. அடுத்தவர் தொண்டையில் கத்தி வைக்கிறவருக்குக் கை நடுங்கினால் பிழைப்பு என்ன ஆவது? கத்தியின் பிடி சரியில்லை என்று இரண்டு முறை மாற்றினார். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஷேவிங் எல்லாவற்றையும் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டார். அங்கே வேலை செய்தவன் மனைவியின் தம்பி. எதற்கெடுத்தாலும் சண்டை பிடிக்கிறவன், அந்த வேலையை மட்டும் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டான்.

கடை காலியாக இருந்த ஒரு மதியம், அவன் நுரையைக் குழைத்துக்கொண்டு வந்தான்.

"உக்காருங்க மாமா. உங்க தாடியப் பாத்தா எவன் உள்ள வருவான்?"

தாடைக்குக் கீழே விரல் பட்டதுமே மாமா "ஐயோ" என்று துள்ளினார். ஆயிரம் கழுத்து பார்த்த விரல் அது. மச்சான் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"வீங்கியிருக்கு மாமா. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

மருத்துவர் அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?" என்றார். வந்ததுதான். தொண்டைவலியும் சளியுமாக ஒரு வாரம் படுத்திருந்தார். எழுந்ததும் அதை மறந்தும் போனார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்த அம்மா விளக்கினார்.

"வைரஸ் காய்ச்சல் போன பின்னாடி சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கிடும். அதுல சேர்ந்திருக்கிற ஹார்மோன் ரத்தத்துல கசியும். அதான் நடுக்கம், படபடப்பு. மாத்திரை தரேன். பெரும்பாலும் சில மாசத்துல அடங்கிடும். நடுவுல ஹார்மோன் குறையவும் செய்யலாம், அதனால டெஸ்ட்டுக்கு மட்டும் தவறாம வாங்க."

"கை?"

"கையும் நிக்கும்."

அவர் அங்கேயே அழுதுவிட்டார்.

வலி முதலில் போனது. நடுக்கம் மெதுவாகப் போனது. நாலாம் மாதம், எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். ஆனாலும் கத்தியைத் தொட மனசு வரவில்லை. சூடு கண்ட பூனை அல்லவா!

மறுநாள் காலை கடைக்கு வந்தால், மச்சான் இவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துணி, முகமெல்லாம் நுரை.

"மொத கழுத்து என்னோடதுதான். வெட்டுப்பட்டா அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்று மோவாயை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டான்.

கத்தி தொண்டைக்கு வருவதற்குள் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டான். இத்தனை மாதம் இரண்டு பேர் வேலையை ஒருவனாக இழுத்த களைப்பு. ஒரு கீறல் இல்லாமல் வழித்து முடித்தார். இவனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் முதல் வாடிக்கையாளர் வந்து நின்றார்.

"ஷேவிங்கா? அந்த நாற்காலில உக்காருங்க, நான் பண்றேன். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, மச்சான் தூங்குறான்."