ஆலங்காயத்தில் அவிழ்ந்த முடிச்சு

காலையில் மலையடிவாரத்து ஆலங்காயத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். மினி லாரியில், நானும் மனைவியும் ஆறு மாதமாகச் செய்த சின்னப் பாய்மரப் படகு.

மலையிலிருந்து புளி மூட்டையோடு வந்த ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாங்க, மலைமேல ஓட்டவா?"

"இல்லீங்க, புதுச்சேரிக்கு. அங்கேர்ந்து கரையோரமா ரெண்டு நாள் போப்போறோம்."

பாய்மரத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவர் சுண்டினார். என் முடிச்சு அவர் கையோடு வந்தது.

"இது புளி மூட்டைக்கே தாங்காதுங்க!"

எல்லாவற்றையும் அவரே இறுக்கிக் கட்டினார். அந்த முடிச்சை என் மனைவியை மூன்று முறை போட வைத்தார். என்னைக் கேட்கவே இல்லை.

இப்போது கடலில் இருக்கிறோம். பாய் நிறையக் காற்று.

படகுக்குக் கேப்டன் யார் என்று நேற்றுவரை வீட்டில் சண்டை. இன்று தீர்ந்தது. உங்கள் வீட்டில் எப்படி?